மஞ்சளும் நீலமும்: மிச்சிகன் ரசிகர் அன்றும் இன்றும்

ஆன் ஆர்பர் நகரின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,24,000. அங்கிருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் ஆட்டம் இருந்தால் ஊர் முழுக்க மஞ்சளும் நீலமும்தான். கார் நிறுத்தும் இடங்களில் காலையிலேயே அடுப்பு மூட்டி இறைச்சி சுட ஆரம்பித்துவிடுவார்கள். ஹூவர் தெரு வழியாக பேண்ட் குழு அணிவகுத்துப் போகும். இதற்கு நடுவில் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்குகிறார் புதிய மாணவர். கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ பொறியியல் முடித்து மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளும் அதில் உண்டு. அரங்கில் ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் முஷ்டியை உயர்த்தும்போது விவரம் தெரிந்து எழுபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுபவர்களும் இருக்கிறார்கள். முதல் வகையில் சேர்வது எப்படி என்பதுதான் இந்த ஐம்பது ஆண்டுகளில் அடியோடு மாறிப்போயிருக்கிறது.

இங்கே நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து. அணிக்குப் பதினொருவர், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், வீசலாம், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். பிறகு கற்றுக்கொள்ள வேண்டியவைதான் ஏராளம்.

1970களில் மிச்சிகன் ரசிகராக இருந்தவருக்கு அணியைத் தொலைக்காட்சியில் பார்ப்பது அபூர்வம். எந்த ஆட்டத்தை ஒளிபரப்பலாம், எத்தனை முறை ஒளிபரப்பலாம் என்பதையெல்லாம் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே முடிவு செய்தது. நேரலையில் ஆட்டத்தைக் காட்டினால் அரங்குக்குக் கூட்டம் வராது என்ற பயம் அதற்கு. 1980களின் தொடக்கத்தில்கூட அதன் திட்டப்படி ஒரு கல்லூரி அணி இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் வர முடியாது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொடர்ந்த வழக்கில் 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அதுவரை மிச்சிகன் வீடுகளில் கால்பந்து என்றால் வானொலிதான். வானொலி என்றால் பாப் யூஃபர்தான்.

யூஃபர் காப்பீட்டுத் தொழில் செய்தவர். மாணவராக இருந்தபோது உள்ளரங்க 440 கெஜ ஓட்டத்தில் உலக சாதனை படைத்தவர். 1945 முதல் 1981 வரை மிச்சிகன் ஆட்டங்களை வானொலியில் சொன்னார். மீ...ச்சிகன் என்று நெடிலில் இழுப்பார். இரண்டாம் உலகப் போரின் தளபதி பாட்டனின் ஜீப்பில் இருந்த ஹாரன் அவரிடம் இருந்தது. மிச்சிகன் புள்ளி எடுக்கும்போதெல்லாம் அதை அடிப்பார். 1979இல் இண்டியானாவுடன் 21-21 என்று சமநிலை. ஆறே விநாடிகள் பாக்கி. ஜான் வாங்க்லர் வீசிய பந்தைப் பிடித்து அந்தோணி கார்ட்டர் எல்லைக்கோட்டைத் தாண்டினார். அந்தக் கணத்தில் யூஃபர் தொண்டை கிழியக் கத்தியதை மிச்சிகன்காரர்கள் இன்றைக்கும் போட்டுக் கேட்கிறார்கள். அவரிடம் நடுநிலை என்பது கிடையாது. ஆட்டத்தின் நுணுக்கத்தோடு, இந்த அணியை எப்படி நேசிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்.

மற்றதெல்லாம் வாய்வழி வந்த அறிவு. தந்தை மகனுக்குச் சொல்வார், விடுதியில் மூத்த மாணவர் புதியவருக்குச் சொல்வார். 1903இல் மினசோட்டாவுடன் 6-6 என்று சமன் செய்துவிட்டு, 30 சென்ட்டுக்கு வாங்கிய தண்ணீர் ஜாடியை அங்கேயே விட்டு வந்தது, அந்த ஜாடி பிறகு இரு அணிகளும் போட்டியிடும் கோப்பையாகவே ஆனது. 1938இல் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் தலைக்கவசத்தில் சிறகு வடிவத்தை வரைய வைத்தது. அரங்கின் இருக்கை எண்ணிக்கை ஒன்றில் முடிவதற்குக் காரணம் அந்தக் கிரைஸ்லருக்கென்று ஒதுக்கிய ஒரு இருக்கை. அது எங்கே இருக்கிறது என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. கோடையில் கடைக்கு வரும் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் ஆண்டு மலர், அரங்க வாசலில் விற்கும் ஆட்ட மலர், ஞாயிற்றுக்கிழமை டெட்ராய்ட் செய்தித்தாள், மாணவர்களே நடத்தும் மிச்சிகன் டெய்லி ஆகியவைதான் அச்சில் கிடைத்தவை. எல்லாம் மெதுவாக வந்தது. ஒருவர் விவரமான ரசிகர் என்று பேரெடுக்க இரண்டு மூன்று பருவங்களாவது ஆகும்.

அப்படி மெதுவாகக் கற்பதற்கு ஆட்டத்தின் அமைப்பும் தோதாக இருந்தது. நெடுங்காலம் முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. 1972இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகவே உங்களோடு ஒரே ஆண்டில் சேர்ந்த வீரரும் உங்களைப் போலவே ஓராண்டு காத்திருந்தார். பிறகு மூன்று ஆண்டுகள் அவர் ஆடுவதைப் பார்ப்பீர்கள். அவர் எப்போது தடுமாறுவார், எந்தப் பக்கம் ஓடப் பிடிக்கும் என்பது வரை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தடை நீங்கிய பிறகும் காத்திருப்பு தொடர்ந்தது. டாம் பிரேடி 1995இல் மிச்சிகனுக்கு வந்தபோது பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வரிசையில் ஏழாவது இடத்தில் இருந்தார். 1997இல் அணி ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் தேசிய சாம்பியன் ஆனபோது ஆடியவர் பிரையன் கிரீசி. பிரேடி வெளியே உட்கார்ந்திருந்தார். 1998இலும் 1999இலும் ஆட்டத்தைத் தொடங்கும் இடம் அவருக்குக் கிடைத்தது. அதிலும் 1999இல் ட்ரூ ஹென்சன் என்ற இளையவரோடு அதைப் பங்கிட வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தின் முடிவில், 2000 ஜனவரி 1 அன்று ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் அலபாமாவை 35-34 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்தினார். தொழில்முறை அணிகள் அவரை 199ஆவது ஆளாகத்தான் தேர்ந்தெடுத்தன. பிறகு அவர் தொழில்முறை ஆட்டத்தின் உச்சத்துக்குப் போனது உலகத்துக்கே தெரியும். ஆனால் 1995இல் அவரோடு சேர்ந்து படித்த ரசிகருக்குத் தெரிந்த பிரேடி வேறு. அந்தக் காத்திருப்பை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பார்த்த அறிவு அது. அன்றைய ரசிக வாழ்க்கையின் பெரிய செல்வம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்றைக்கு அதே இடத்தில் ஒரு பிரேடி இருந்தால் இரண்டாம் ஆண்டே வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல் ஒரு முறை மாறினால் ஓராண்டு உட்காரத் தேவையில்லை என்றார்கள். 2024இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, கல்லூரியே தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை பங்கிட்டுத் தரலாம். வீரர்களின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம். ஒரு லட்சம் பேர் காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தில் எலும்பு முறிய ஆடியவர்களுக்குக் கல்விச் செலவைத் தவிர ஒன்றும் தராமல் இருந்த காலத்தைப் பொற்காலம் என்று என்னால் சொல்ல முடியாது.

ரசிகருக்குத்தான் சிரமம். நம் ஊரில் ஐபிஎல் மெகா ஏலம் முடிந்த மறுநாள் யார் எந்த அணி என்று தலையைச் சொறிகிறோமே, அது அங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடக்கிறது. மிச்சிகன் 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வென்று 15-0 கணக்கில் தேசிய சாம்பியன் ஆனது. அதே மாதத்தில் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். ஏப்ரலில் அணியிலிருந்து 13 பேர் தொழில்முறைத் தேர்வில் எடுக்கப்பட்டார்கள். அடுத்த பருவத்தில் அரங்கில் இறங்கியது கிட்டத்தட்ட வேறு அணி. சாம்பியன் அணியின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு அந்த ஆகஸ்டில் வந்து இறங்கிய மாணவருக்கு அது எத்தனை நாள் பயன்பட்டிருக்கும்?

ஆட்டங்களின் எடையும் மாறிவிட்டது. மிச்சிகனுக்குப் பரம எதிரி ஓஹையோ ஸ்டேட். மிச்சிகனும் ஓஹையோவும் 1835இல் டொலீடோ நகருக்காக எல்லைச் சண்டை போட்டவை. 1969 முதல் 1978 வரை மிச்சிகன் பக்கம் போ ஷெம்பெக்லர், ஓஹையோ பக்கம் அவருடைய பழைய குருவான வுடி ஹேய்ஸ். அந்தக் காலத்தைப் பத்தாண்டுப் போர் என்றே சொல்கிறார்கள். 1973இல் இரண்டு அணிகளும் தோல்வியே இல்லாமல் ஆன் ஆர்பரில் மோதின. ஆட்டம் 10-10. அப்போது கூடுதல் நேரம் கிடையாது. 1996இல்தான் அது வந்தது. மிச்சிகனும் ஓஹையோ ஸ்டேட்டும் ஆடும் பிக் டென் அமைப்பிலிருந்து அன்றைக்கு ஒரே ஒரு அணிதான் பருவ இறுதியில் ரோஸ் பவுல் ஆட்டத்துக்குப் போகலாம். மற்றவர்கள் வேறு எந்த பவுலிலும் ஆடக்கூடாது. யார் போவது என்று பிக் டென் கல்லூரிகளின் விளையாட்டு இயக்குநர்கள் மறுநாள் வாக்களித்தார்கள். 6-4 என்று ஓஹையோ ஸ்டேட்டை அனுப்பிவிட்டார்கள். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் டென்னிஸ் ஃபிராங்க்ளினுக்கு அந்த ஆட்டத்தில் காரை எலும்பு முறிந்தது ஒரு காரணம் என்று பேச்சு. அவர் மிச்சிகனில் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக். பத்து வெற்றி, ஒரு சமன். ஆனால் பருவம் அத்தோடு முடிந்தது. ஷெம்பெக்லர் சாகும்வரை அதை மறக்கவில்லை.

2024 நவம்பர் 30ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு வெற்றி, ஐந்து தோல்வி என்று தட்டுத் தடுமாறி எதிரியின் ஊரான கொலம்பஸ் போன மிச்சிகன், யாரும் எதிர்பாராமல் ஓஹையோ ஸ்டேட்டை 13-10 என்று வீழ்த்தியது. 1973ஆக இருந்தால் ஓஹையோவின் பருவம் அங்கேயே பாழ். ஆனால் அந்த ஆண்டுதான் பன்னிரண்டு அணிகள் ஆடும் பிளேஆஃப் தொடங்கியிருந்தது. தோற்ற ஓஹையோ ஸ்டேட் அதில் நுழைந்து, ஜனவரியில் நாட்டர் டேமை வென்று தேசிய சாம்பியனாகவே ஆகிவிட்டது. அன்றைக்கு ஒரு சமன் எல்லாவற்றையும் பறித்தது. இன்றைக்கு ஒரு தோல்வி தேசியப் பட்டத்தைப் பறிக்கவில்லை. பன்னிரண்டு அணி ஏற்பாட்டில் வாய்ப்புகள் கூடியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் நவம்பர் கடைசிச் சனிக்கிழமையின் எடை குறைந்ததை நான் இழப்பாகவே கருதுகிறேன். இதில் ஓர் ஆறுதல்: ஆன் ஆர்பரிலோ கொலம்பஸிலோ யாரைக் கேட்டாலும் அந்த ஒரு ஆட்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள். கொலம்பஸில் அந்த வாரம் வளாகத்துப் பலகைகளில் உள்ள எம் எழுத்தையெல்லாம் சிவப்பு நாடா ஒட்டி மறைக்கிறார்கள்.

எதிரணிகளின் வரைபடமும் விரிந்துவிட்டது. 1896இல் தொடங்கிய பிக் டென்னில் ஒரு நூற்றாண்டு காலம் பெரும்பாலும் மத்திய மேற்குப் பகுதி அயலார்கள்தான் இருந்தார்கள். தொலைக்காட்சிப் பணம் இழுத்த இழுப்பில் 2024இல் லாஸ் ஏஞ்சலஸ், ஆரிகன், சியாட்டில் வரை நீண்டு பதினெட்டு அணிகள் ஆகிவிட்டன. மிச்சிகனுக்கு ஆண்டு தவறாமல் வரும் ஆட்டம் என்று உறுதி செய்யப்பட்டவை இரண்டு மட்டும்: ஓஹையோ ஸ்டேட், பக்கத்து ஊர் மிச்சிகன் ஸ்டேட். நூறாண்டு தாண்டிய அந்தத் தண்ணீர் ஜாடிக்கான மினசோட்டா ஆட்டம் சில ஆண்டுகளில் அட்டவணையிலேயே இருப்பதில்லை.

இதுவரை சொன்னதை வைத்து நான் பழையதைப் பார்த்து ஏங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். அந்தப் பழைய அறிவு யாருக்கு வாய்த்தது என்பதையும் கேட்க வேண்டும். 1960களின் இறுதியில் மிச்சிகன் டெய்லியின் மாணவப் புகைப்படக்காரர் சாரா குருல்விச் படமெடுக்க ஆடுகளத்துக்குள் போனபோது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் அங்கே அனுமதியில்லை என்ற விதி குறுக்கே நின்றது. அவர் அதை மீறி நின்றார். பிறகு நியூயார்க் டைம்ஸின் புகழ்பெற்ற நாடகப் புகைப்படக் கலைஞர் ஆனார். அணிவகுப்பு பேண்ட் குழுவில் பெண்கள் சேர்ந்தது 1972இல்தான். சொல்லித்தர மிச்சிகன்காரத் தந்தையோ அண்ணனோ இல்லாதவருக்கு அன்றைக்கு அந்த அறிவின் வாசல் திறப்பது கடினம். கடல் தாண்டி வந்தவருக்கு இன்னும் கடினம்.

இன்றைக்கு அந்த வாசல் திறந்து கிடக்கிறது. விசா நேர்காணலுக்குக் காத்திருக்கும் வாரங்களில் திருநெல்வேலியில் உட்கார்ந்தபடி 1997 ஓஹையோ ஆட்டத்தை யூடியூபில் பார்க்கலாம். மிச்சிகனின் சார்லஸ் உட்சன் ஏன் தடுப்பாட்டக்காரராக இருந்தும் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வென்றார் என்பதை நாமே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். முன்னாள் வீரர்களே பாட்காஸ்டில் ஒவ்வொரு நகர்வையும் பிரித்து விளக்குகிறார்கள். யூஃபரின் குரலும் கேட்கக் கிடைக்கிறது. எந்த வீட்டில் பிறந்தோம் என்பதைப் பொறுத்துக் கிடைத்த அறிவு, ஆர்வம் இருந்தால் கிடைக்கும் அறிவாக மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை நான் மனதாரக் கொண்டாடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். செல்பேசியில் தானாக வந்து விழும் இருபது விநாடித் துண்டுகளால் மிச்சிகன் கால்பந்தைக் கற்க முடியாது. இந்த அணியின் பெருமை எதிரணியை முட்டித் தள்ளி வழி செய்யும் முன்வரிசையில் இருக்கிறது. நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை 2021, 2022 இரண்டு ஆண்டும் மிச்சிகன் வென்றது. 2023 நவம்பரில் பென் ஸ்டேட் ஊரில் நடந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மிச்சிகன் தொடர்ந்து 32 முறை பந்தை ஏந்தி ஓடியே ஆடியது. 24-15 என்று வென்றது. துண்டுக் காணொளியில் இது ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். முழு ஆட்டமாகப் பார்த்தவருக்குத்தான் பென் ஸ்டேட் தடுப்பு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது என்று தெரியும். அன்றைக்கு ஹார்பா அரங்கில் இல்லை. எதிரணிகளின் சைகைகளைத் திருடியதாக எழுந்த விவகாரத்தில் பிக் டென் அவரை மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைத்திருந்தது. விவரமான ரசிகர் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓஹையோக்காரர் முதலில் இதைத்தான் எடுப்பார். மழுப்பாமல் பேசத் தெரிய வேண்டும்.

இன்னொன்று சூதாட்டம். 2018இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்த பிறகு, 2021 முதல் மிச்சிகனில் செல்பேசியிலேயே பந்தயம் கட்டலாம். விடுதி அறைகளில் ஆட்ட அறிவு என்ற பெயரில் இப்போது பேசப்படுவதில் பாதி பந்தயக் கணக்கு. தோற்றுப்போன காசுக்காக இருபது வயது வீரனைத் திட்டி எழுதுபவர்கள் ரசிகர்கள் ஆகமாட்டார்கள். மாணவர் விசாவில் கடன் வாங்கிப் படிக்கப் போகும் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை அந்தக் காலத்து வரிசைக்கு நேர் எதிர். அன்றைக்கு வீரர்களிடமிருந்து தொடங்கினார்கள். அவர்கள் நான்கு ஆண்டுகள் இருந்தார்கள். இன்று மாறாதவற்றிலிருந்து தொடங்குங்கள். விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். 1898இல் லூயி எல்பெல் என்ற மாணவர், சிகாகோவை 12-11 என்று வென்ற மகிழ்ச்சியில் இயற்றிய வெற்றிப் பாடலை மனப்பாடம் செய்யுங்கள். முஷ்டி உயர்வது அதற்குத்தான். 1969, 1973, 1997, 2021 ஓஹையோ ஆட்டங்களின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சிகன் ஸ்டேட் ஆட்ட வாரத்தில் மாணவர்கள் இரவெல்லாம் வளாகத்து எம் சின்னத்துக்குக் காவல் இருப்பார்கள்; அங்கே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள், புத்தகத்தில் இல்லாத பலவும் காதில் விழும். இந்த ஆண்டு வீரர்களின் பெயர்களை ஆகஸ்ட் கடைசியில் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓஹையோ ஸ்டேட் ஆட்டம் நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை, வழக்கமாக அங்கே பகல் 12 மணி. நமக்கு இரவு 10.30. அடுத்த ஆண்டு ஆன் ஆர்பர் போக விண்ணப்பித்திருப்பவர்கள் இந்த நவம்பரிலேயே அதை முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள், துண்டுகளாக வேண்டாம்.